அம்புக்குறி அக்காவும் எதிர்த்திசை ரயிலும்

பேரரசுகளை ஆண்டவர்களைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளம். பூமிக்கு அடியில், நான்கு தடங்கள் வந்து கூடும் ஒரு பாதாள ரயில் சந்திப்பில், மூன்றடி அகல மேசை ஒன்றைப் பதினேழு வருடமாக ஆண்டுவரும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுத நாதியில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் பொறுப்பை நானே தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

அவருடைய வேலைக்கு மேலிடம் வைத்த பெயர் ‘பயணிகள் வழிகாட்டு உதவியாளர், இரண்டாம் நிலை’. முதல் நிலை என்று ஒருவர் எங்கேயாவது இருக்கிறாரா என்பது இன்றுவரை தெரியவில்லை. நிலையத்தில் எல்லோரும் கூப்பிடுவது ‘அம்புக்குறி அக்கா’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வழிகாட்டும் விளக்குப் பலகைகள் மொத்தமாக அணைந்துபோக, காலையிலிருந்து மாலைவரை கையை நீட்டியபடியே நின்று ஊரையே வழியனுப்பி வைத்தார். மறுநாள் தோளில் தைல வாசனையோடு வந்தபோது, அந்தப் பெயர் அவருக்கு முன்பே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது.

பெயர்தான் அம்புக்குறி. அந்த ஒரு நாளோடு கை நீட்டுவதை அக்கா அடியோடு விட்டுவிட்டார். காரணம், அன்று அவர் செய்த ஒரு கண்டுபிடிப்பு. கையை நீட்டினால் மனிதன் கையைத்தான் பார்க்கிறான், திசையைப் பார்ப்பதில்லை. நீட்டிய கைக்கு மனதார நன்றி சொல்லிவிட்டு நேர் எதிரே நடந்து போனவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர். மீதிப் பேர் முதல் திருப்பம்வரை ஒழுங்காகப் போய், அங்கே நின்று அடுத்த கையைத் தேடினார்கள்.

இவ்வளவு ஆழமான ஆராய்ச்சிக்கு அக்காவிடம் சொந்த அனுபவமும் இருந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வாரம், தனியாகப் பாதாள ரயில் ஏறினார். ஏறியது வட்டத் தடம். அது எங்கேயும் போய் முடியாது, ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த நிலையத்தில் இறங்குவது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, முழுசாக இரண்டரைச் சுற்று போனார். வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். “எங்க போயிருந்தே இவ்ளோ நேரம்?” என்று கேட்டதற்கு, “ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்தேன்” என்றார் அக்கா. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

வெளியூர்க்காரர்களைக் கண்டுபிடிப்பது அவருக்கு அரை நொடி வேலை. உள்ளூர்க்காரன் தன் காலைப் பார்த்து நடப்பான், வெளியூர்க்காரன் கூரையைப் பார்த்து நடப்பான். இதில் கைப்பேசி வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு தானும் அதோடு சேர்ந்து பம்பரம் மாதிரி சுற்றுபவர்கள் ஒரு ரகம். வழி கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் போகிறவர்கள் ஒரு ரகம். கணவர்கள் தனி ரகம். அவர்கள் கேட்கவே மாட்டார்கள். மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போது பத்தடி தள்ளி நின்று, தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் அக்காவிடம் ஒரே வைத்தியம்தான். “நான் உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீங்க என்னைக் கூட்டிட்டுப் போங்க” என்பார். துணைக்கு ஒரு நிலையம்வரை போய்வரலாம் என்று விதிப்புத்தகத்தில் இடம் உண்டு, மேசையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தால். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு அக்கா வாயை மூடியபடி பின்னாலேயே நடப்பார். தடத்தின் நிறத்தைப் பார்ப்பதும், ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயரைப் பலகையில் தேடுவதும், உள்ளே இருப்பவர்கள் இறங்கிய பிறகு ஏறுவதும் பயணியின் பொறுப்பு.

இதெல்லாம் மற்ற நிலையங்களிலும் உண்டு என்று யாராவது சொல்லலாம். அக்காவின் அசல் வித்தை இதற்கு அப்புறம்தான். பயணி சரியாக ஏறி, சரியாக இறங்கி, முகமெல்லாம் பல்லாக நிற்கும்போது, “சரி, இப்ப வேணும்னே தப்பான ரயில்ல ஏறுங்க” என்பார். நிலையத்தில் இதற்குப் பெயர் ‘தப்பு ரயில் பாடம்’.

ஒரு முறை வந்தவர் லாரி ஓட்டுநர். மலைப்பாதையில் இருபது டன் சரக்கோடு இறங்குபவர். அவர் நகரும் படிக்கட்டின் மேல் முனையில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேல ரோட்டுல எது வந்தாலும் எனக்குத் தெரியுது அக்கா. இங்க எல்லாப் பக்கமும் சுவரா இருக்கு. தப்பா ஏறிட்டா என்ன ஆகும்?”

“வாங்க, என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வருவோம்.”

இருவரும் தப்பாக ஏறினார்கள். அடுத்த நிலையம் வந்தது. இறங்கினார்கள், எதிர்ப்பக்கம் ஏறினார்கள், திரும்பி வந்தார்கள். ஐந்து நிமிடம்.

“இவ்ளோதானா?” என்றார் ஓட்டுநர்.

“இவ்ளோதான்.”

“இன்னொரு தடவை போலாமா?”

தப்பு செய்தால் தலை போய்விடாது என்று தெரிந்த மனிதனைப் பிறகு எந்த ஊரிலும் தொலைக்க முடியாது என்பது அக்காவின் கொள்கை. அந்தப் பாடத்தைப் பதினேழு வருடத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் அவர் நடத்தாமல் விட்டார். அவர் சம்பந்தி.

சம்பந்தி என்பது மகன் கட்டிய பெண்ணின் தாயார். உலகத்தில் யாருடைய தப்பை வேண்டுமானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம், சம்பந்தியிடம் முடியாது. சம்பந்தியின் கோட்டில் தீப்பிடித்தால்கூட, “இன்னிக்கு இந்த கோட்டு ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு சம்பந்தி” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்தச் சம்பந்தியோ சாதாரணச் சம்பந்தி இல்லை. சின்ன ஊர் ஒன்றில் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை. அதோடு டேபிள் டென்னிஸ் நடுவர். இருபத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடக் கூடங்களிலும் கிளப் அறைகளிலும் உயர நாற்காலியில் உட்கார்ந்து, பந்து மேசையின் விளிம்பில் பட்டதா பக்கவாட்டில் பட்டதா என்று தீர்ப்புச் சொல்லி வருபவர். சொன்ன தீர்ப்பை மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. வீட்டிலும் அப்படித்தான் என்று மருமகள், அதாவது அவருடைய மகள், கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு சொல்வாள்.

இப்போது முதன்முறையாக அவருக்குப் பெரிய நகரத்துப் போட்டியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அதுவும் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு. நாலைந்து நாள் முன்னதாகவே அக்கா வீட்டில் வந்து இறங்கிவிட்டார். ஒன்பது மணிக்கு ஆட்டம். எட்டு மணிக்குள் விளையாட்டரங்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் மாற்று நடுவர் நாற்காலியில் ஏறிவிடுவார். மாற்று நடுவர் என்பவர் விடிந்ததும் வந்து, கோட்டைத் தேய்த்து மாட்டிக்கொண்டு, அசல் நடுவரின் வாகனம் பஞ்சராக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ளும் ஒரு ஜீவன்.

போட்டி நாளன்று சைக்கிள் பந்தயத்துக்காகச் சாலைகளை மூடப்போகிறார்கள், டாக்ஸி கிடையாது. மகன் விளையாட்டரங்கத்தில் மின்விளக்கு வேலை பார்ப்பவன், விடிகாலையிலேயே போய்விடுவான். மருமகள் நர்ஸ், அவளுக்குக் காலை முறை. அக்காவுக்கோ ஆறு மணிக்கே மேசை. மிச்சம் இருந்தது பாதாள ரயில் மட்டும்தான். அதில் தனியாகப் போவது.

“யாரையாவது துணைக்கு ஏற்பாடு பண்ணட்டுமா சம்பந்தி?” என்று அக்கா மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“அம்பயரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டா, பிளேயர் மதிப்பாங்களா?” என்றார் சம்பந்தி. தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. ஆனால் சொல்லும்போது அவருடைய விரல்கள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்ததை அக்கா கவனித்தார். பயத்தை விரலில் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

ஒத்திகை தொடங்கியது. முதல் நாள் நீலத் தட ரயில் வந்து நின்று கதவு திறந்தது.

“போங்க சம்பந்தி” என்றார் அக்கா.

“ஐயோ, நீங்க முன்னாடி போங்க.”

“அதெப்படி, நீங்க விருந்தாளி. நீங்கதான் முதல்ல.”

“உங்க ஊரு, உங்க ரயிலு. நீங்க ஏறாம நான் எப்படி ஏற?”

கதவு மூடிக்கொண்டது. அடுத்த ரயிலுக்கும் இதே மரியாதை நடந்தது. மூன்றாவது ரயிலில், பின்னால் நின்ற ஒரு மனிதர் பொறுமையிழந்து இருவருக்கும் நடுவே புகுந்து ஏற, அந்த வேகத்தில் இரண்டு சம்பந்திகளும் ஒரே நேரத்தில் உள்ளே போய் விழுந்தார்கள். உறவு கெடவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சம்பந்தி முன்னால் நடந்தார். நடை என்றால் அப்படி ஒரு நடை. கூட்டம் தானாக விலகியது. கார்டைத் தட்டினார், படிக்கட்டில் வலது ஓரம் நின்றார், கீழே இறங்கியதும் சட்டென்று வலது பக்கம் திரும்பி ரயில் ஏறினார். ஏழு நிறுத்தம், விளையாட்டரங்கம், நாலாம் வாசல். அச்சுப் பிசகவில்லை.

ஆனால் அக்கா ஒன்றைக் கவனித்தார். சம்பந்தி பலகையைப் பார்க்கவில்லை. நீலத் தடத்தின் ஒரு முனை விளையாட்டரங்கம், மறு முனை துறைமுகம். எந்த ரயில் எந்த முனைக்கு என்று தலைக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பந்தி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ‘படி இறங்கினால் வலது’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தித் தப்பு ரயில் பாடத்தை நடத்தியிருப்பார் அக்கா.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார்.

“சம்பந்தி, நீங்க போன விதம் பிரமாதம். சும்மா ஒரு தமாஷுக்கு, நாளைக்கு வேணும்னே தப்பான ரயில்ல ஏறிப் பாக்கலாமா?”

மகன் தட்டையே பார்த்தான். மருமகள் மேசைக்கு அடியில் மாமியாரின் காலை லேசாக மிதித்தாள்.

“வேணும்னே தப்பா?” என்றார் சம்பந்தி. “இருபத்தொம்போது வருஷமா நான் எதையும் தெரியாமக்கூடத் தப்பா பண்ணினதில்ல.”

“அதுசரி, அதுசரி. இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க சம்பந்தி” என்று கரண்டியை எடுத்தார் அம்புக்குறி அக்கா. பதினேழு வருடத் தொழில் தர்மம் அந்தக் கரண்டியோடு சம்பந்தியின் தட்டில் விழுந்தது.

போட்டி நாள் வந்தது. சந்திப்பு நிலையம் கொதித்தது. கன்னத்தில் வண்ணம் பூசியவர்கள், ஊதல்காரர்கள், தகர டப்பாவைத் தட்டுகிறவர்கள், எல்லோரும் வெளியூர், எல்லோரும் கூரையைப் பார்த்து நடந்தார்கள். அக்காவின் மேசை இருப்பது நீலத் தடத்துக்கு ஒரு மாடி மேலே. கண்ணாடித் தடுப்பு வழியாகக் குனிந்தால் கீழே இரண்டு நடைமேடைகளும் தெரியும். அக்கா ஒரு கண்ணைக் கூட்டத்தின் மேலும் ஒரு கண்ணைத் தடுப்பின் மேலும் வைத்திருந்தார்.

ஏழு இருபதுக்குச் சம்பந்தி வந்தார். கருநீலக் கோட்டு, மார்பில் நடுவர் பேட்ஜ், கையில் தோல் பை. விதிப்படி கைப்பேசியைக் காலையிலேயே அணைத்துவிட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். தூரத்திலிருந்தே சம்பந்தி தலையை ஓர் அங்குலம் அசைத்தார். ‘நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்’ என்று அதற்கு அர்த்தம்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த நகரும் படிக்கட்டு நகராமல் நிற்கும்வரை. பழுது பார்ப்பதற்காகக் குறுக்கே மஞ்சள் கட்டை போட்டிருந்தார்கள். சம்பந்தி அசரவில்லை. அதே மாடியின் மறுமுனையில் இருந்த இன்னொரு படிக்கட்டுக்கு நடந்தார், அதில் இறங்கினார், கீழே போனதும் சட்டென்று வலது பக்கம் திரும்பினார்.

மறுமுனையிலிருந்து இறங்கினால், முன்பு இடதாக இருந்ததுதான் இப்போது வலது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் கருநீலக் கோட்டும் அந்த நடையும் சேர்ந்து வரும்போது பூமியே தன் வலதை மாற்றி வைத்துக்கொள்ளும் என்று தோன்றியது. தோன்றியது சம்பந்திக்கு மட்டுமல்ல. வழி தெரியாமல் நின்ற வண்ணக் கன்னக்காரர்கள் இருபது பேர் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். “அதோ, ஸ்டேடியத்து ஆபீசரு! அவங்க பின்னாடி போனா போதும்!” என்று ஒருவர் கத்த, மொத்தக் கூட்டமும் சம்பந்தியின் பின்னால் துறைமுகம் போகும் ரயிலில் ஏறியது.

மேலே அக்கா கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். கீழே கேட்கவில்லை. “சம்பந்தீ!” என்று அவர் போட்ட கூச்சலுக்கு நிலையத்தில் இருந்த வேறு ஐந்து சம்பந்திகள் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் ‘இதோ வந்துவிடுகிறேன்’ அட்டையை நிறுத்தினார். ஆள் மாற்றாமல் மேசையை விட்டது பதினேழு வருடத்தில் அதுதான் முதல் முறை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி நடைமேடைக்கு வந்தபோது, மூடிய கதவுக்குப் பின்னால் கருநீலக் கோட்டு கம்பீரமாக நகர்ந்துகொண்டிருந்தது. மணி ஏழு இருபத்திரண்டு.

துறைமுகப் பக்கம் அடுத்த நிலையம் ஆற்றுக்கு அந்தப் புறம். ஆற்றுக்கு அடியில் ஆறு நிமிடம் போக வேண்டும். இந்த நகரத்துப் பாதாள ரயிலில் இதைவிட நீளமான இடைவெளி கிடையாது. தப்பான ரயிலில் ஏறுவதற்கு இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அந்த ஆறு நிமிடத்தில் பெட்டிக்குள் நடந்தது, உள்ளே இருந்த ஒரு தகர டப்பாக்காரர் எனக்கு நேரில் சொன்னது. ஆகவே நம்பலாம்.

“மேடம், ஸ்டேடியத்துக்கு எத்தனை ஸ்டாப்?” என்று அவர்தான் முதலில் கேட்டிருக்கிறார்.

“ஏழு. முதல் ஸ்டாப் நூலகம்” என்றார் சம்பந்தி, கேட்கும் முன்பே பதிலைத் தயாராக வைத்திருந்தவர் போல.

அப்போது ஒலிபெருக்கி இனிமையான குரலில் சொன்னது: “அடுத்த நிலையம், படகுத்துறை.”

டப்பா நின்றது. ஊதல் நின்றது. வண்ணம் பூசிய இருபது முகங்கள் ஒரே நேரத்தில் சம்பந்தியின் பக்கம் திரும்பின. டேபிள் டென்னிஸில் சந்தேகமான பந்து விழுந்ததும் கூடம் மொத்தமும் நாற்காலியைப் பார்க்குமே, அந்தப் பார்வை. அவர் முகம் வெளுத்துப் போனதாம். கைப்பையின் ஜிப் திறந்து மூடித் திறந்து மூடியதாம். இருபத்தொன்பது வருடம் காத்திருந்த நாற்காலி ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, தான் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருப்பது புரிந்துவிட்டது. இந்த நிலையில் மற்றவர்கள் அழுவார்கள், அல்லது ரயில்வேயைத் திட்டுவார்கள்.

சம்பந்தி எழுந்தார். கதவுக்கு மேலே ஒட்டியிருந்த தட வரைபடத்துக்குப் போனார். விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிதானமாகப் படித்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

“லெட்!”

வண்ணக் கன்னங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“ஆட்டத்துல ஏதாவது தடங்கல் வந்தா அந்தப் பாயிண்ட் கணக்குல சேராது. முதல்ல இருந்து திரும்ப ஆடணும். அதுக்குப் பேரு லெட். இப்ப எல்லாரும் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறப்போறோம். அதே ரயில் நேரா ஸ்டேடியம் போகும். நடுவுல இறங்க வேண்டாம். ஏழு அம்பத்தாறுக்கு அங்க இருப்போம்.”

“அப்போ நாம தப்பான ரயில்லயா வந்தோம் மேடம்?”

“ரயில் சரியான ரயில்தான். பாயிண்ட்தான் செல்லாது.”

“தப்பு யாரோடது மேடம்?”

“லெட்டுல அதைக் கேக்கற வழக்கமில்ல” என்றார் சம்பந்தி.

பெட்டி கைதட்டியது.

இது எதுவும் தெரியாமல், அடுத்த ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆற்றுக்கு அடியில் வந்துகொண்டிருந்தார் அம்புக்குறி அக்கா. மனதுக்குள் கணக்கு ஓடியது. சம்பந்தி தீர்ப்பை மாற்ற மாட்டார். படகுத்துறையில் இறங்க மாட்டார். துறைமுகம்வரை போய், கடலே வந்து வழிமறித்தாலும் கடல்தான் இடம் மாறி நிற்கிறது என்பார். சம்பந்திக்குப் பயந்து ஒரு கரண்டிச் சாப்பாட்டோடு பாடத்தை விட்டேனே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மகன் வாழ்க்கை, மருமகள் முகம், இனி வரப்போகும் விடுமுறைகள், எல்லாம் கண் முன்னால் வந்து போயின.

படகுத்துறையில் ரயில் நுழைந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ரயில் அப்போதுதான் கிளம்பியது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அக்காவின் கண்முன் நகர்ந்தன. நாலாவது ஜன்னலில் கருநீலக் கோட்டு. சுற்றிலும் வண்ணக் கன்னங்கள். சம்பந்தி வரைபடத்தில் விரல் வைத்து அவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார், அவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் விளையாட்டரங்கத்தின் திசையில் இருட்டுக்குள் போய் மறைந்தது.

அக்காவின் கதவு அப்புறம்தான் திறந்தது.

வெறும் நடைமேடையில் நின்று அவர் முதலில் ஒரு குதி குதித்தார். சீருடையில் குதிக்கக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் இல்லை, நான் பார்த்துவிட்டேன். இரண்டாவது குதிக்கு முன்னால் மேசை ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது மணி ஏழு நாற்பத்திரண்டு. மேசையில் ஷிப்ட் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் முப்பது பேர். மேலாளர் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டியிருந்தார். கூட்டம் அந்தக் கைகளை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க போனீங்க? இருபது நிமிஷம்!”

“ஒரு பயணிக்கு உதவி தேவைப்பட்டது சார்.”

“உதவி பண்ணீங்களா?”

அக்கா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. “இல்ல சார்” என்றார்.

மேலாளர் விளக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா கூட்டத்தைக் கவனித்துக்கொண்டே கடிகாரத்தையும் கவனித்தார். ஏழு ஐம்பத்தேழுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. விளையாட்டரங்கத்திலிருந்து மகன்.

“அம்மா, அத்தை இன்னும் வரல! மாத்து அம்பயர் கோட்டு பட்டன் போட ஆரம்பிச்சுட்டாரு!”

“எத்தனை பட்டன்?”

“மூணு. ரெண்டு போட்டாச்சு!”

“நீ நாலாம் வாசலுக்கு ஓடு.”

“ஓடிக்கிட்டேதான் பேசறேன். வாசல்ல யாருமே… இரு இரு. ஏதோ சத்தம் கேக்குது. தகரம் தட்டற மாதிரி. அம்மா, ஒரு கூட்டமே வருது! அத்தை முன்னாடி வராங்க!”

“ஓடி வராங்களா?”

“இல்ல, அத்தை நடந்துதான் வராங்க. மத்தவங்கதான் ஓடறாங்க. அத்தை, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்! பேனா இருக்கா யாருகிட்டயாவது?”

அதன் பிறகு கொஞ்ச நேரம் காலடிச் சத்தமும் டப்பாச் சத்தமும் மட்டும்தான். அக்கா கைப்பேசியைக் காதோடு வைத்து அழுத்தியதில் காது சிவந்தது. மேசைக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் ஏதோ கேட்டார். அக்கா அவருக்கு ஒரு விரலைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். அதுவும் பதினேழு வருடத்தில் முதல் முறை.

“போட்டாச்சும்மா!” என்று மகன் அலறினான். “ஏழு அம்பத்தொம்போது! கையெழுத்து போட்டாச்சு! அந்த ஆளு பட்டனைக் கழட்டறாரு! இரு, அத்தை உன்கிட்ட ஏதோ பேசணுமாம்.”

கரகரவென்று கை மாறியது.

“சம்பந்தி, வந்து சேந்துட்டேன்” என்றது நிதானமான குரல். மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது. “ரயில்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒரே ஒரு லெட் ஆச்சு.”

“தெரியும் சம்பந்தி, பாத்தேன்! படகுத்துறையில உங்களைப் பாத்தேன். பிரமாதம்! ராணி மாதிரி நின்னுட்டுப் போனீங்க!”

“படகுத்துறையிலயா? நீங்க எங்க இருந்தீங்க?”

“எதிர் ரயில்ல.”

டேபிள் டென்னிஸ் பந்து மேசையில் பட்டுப் பட்டு எழும் சத்தம் அந்தப் பக்கம் தூரத்தில் கேட்டது. யாரோ பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் சம்பந்தி,” என்றது குரல், உண்மையான அக்கறையோடு, “நீங்க எதுக்குத் தப்பான ரயில்ல ஏறினீங்க?”

அம்புக்குறி அக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பூவா தலையா போட நாணயம் தேடிக்கொண்டு நடுவர் போய்விட்டார். இணைப்பு அறுந்தது. அக்காவுக்கு அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, தொப்பி சரிந்து விழ, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அதுவரை பொறுமையாக நின்ற பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?” என்றார். “பாத்ரூம் எங்க இருக்குன்னுதானே கேட்டேன்.”